சிவப்புக் காருக்குப் போட்ட உதவி

ஒன்பதாவது தடவையும் டிவி திரையில் அவளுடைய நீலக் கார்தான் முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டியது.

மயிரிழையில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் வலது கையை உதறிக்கொண்டு சிரித்தார். தோற்றவருக்கு என்ன சிரிப்பு?

அவர் கிரேன் ஓட்டுகிறவர். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. விரலுக்குப் பயிற்சி என்று இந்தக் கார் பந்தய விளையாட்டைச் சொன்னதே டாக்டர்தான். திங்கட்கிழமை டாக்டர் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் வேலைக்குப் போகலாம்.

ஆரம்பத்தில் தோற்றுத் தோற்று மனிதர் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்தார். பார்க்கப் பொறுக்காமல், அவர் குளிக்கப் போன நேரத்தில், விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து அவருடைய சிவப்புக் காருக்கு ‘உதவி’ போட்டாள். வளைவு வந்தால் வண்டி தானே திரும்பிக்கொள்ளும்.

ஒரு வாரம் அவர் ஜெயித்தார். முகத்தில் களை வந்தது.

அப்புறம் மறுபடியும் தோற்க ஆரம்பித்தார். உதவி இருந்தும் தோற்கிறார். தினமும் தோற்கிறார். அப்படியானால் கை தேறவில்லையா? இன்னும் மோசமாகிறதா? இல்லாத தெம்பை இருப்பதாகக் காட்டி, தானே கெடுத்துவிட்டோமா?

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். உதவியை இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று அவசரமாக அமைப்புகளைத் திறந்தாள்.

சிவப்புக் காருக்கு எதுவும் இல்லை. நீலக் காருக்கு உதவி முழுசாகப் போட்டிருந்தது.

மாற்றிப் போட்டுவிட்டோமோ? இல்லையே. சிவப்பு என்று இரண்டு தடவை பார்த்துத்தானே போட்டாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “நான்தான் மாத்தினேன். எனக்கு எதுக்கு அது? நீதான் வளைவுக்கு வளைவு செவுத்துல போய் முட்டிக்கிறே.”

உதவி வாங்கி ஓடியது அவள். ஒன்றுமே இல்லாமல், மயிரிழை பின்னால் வந்தது அவர்.

சொல்லிவிட்டு அவர் அடுத்த பந்தயத்துக்குத் தயாராகிவிட்டார்.

அவள் கை தானாகப் போனைத் தேடியது. ‘கை மோசமாகிக்கொண்டு வருகிறது, தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று காலையில்தான் டாக்டரிடம் அழாக்குறையாகக் கெஞ்சியிருந்தாள். டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போது எப்படி ஆரம்பிப்பது? ஜெயித்தது நானில்லை டாக்டர் என்றா?