பூக்காத காகிதப்பூ

"பூ எங்கே, எலோதியா?"

தலைவர் எவாரிஸ்தோ கேட்டதும் தெருவே அவள் வாசல் செடியைப் பார்த்தது. பச்சைப்பசேலென்று இலை. மருந்துக்கும் ஒரு பூ இல்லை.

லிமாவுக்கு மேலே, மழையே காணாத அந்த மணல்மேட்டில் வீட்டுக்கொரு காகிதப்பூச் செடி உண்டு. தாகத்தில்தான் அது பூத்துக் கொட்டும். தண்ணீர் கண்டால் இலையாய்த் தழைத்துவிடும். லாரித் தண்ணீர் வீட்டுக்கு ஒரு பீப்பாய்தான், தலைவருக்கும் அவ்வளவுதான். அதைச் செடிக்கு ஊற்றக்கூடாது என்பது கட்டுப்பாடு; ஊற்றுகிறவர்களைப் பூ இல்லாததை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

"சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல தலைவரே. கைப்புள்ளைக்கே பத்தல."

"அப்ப உன் செடி காத்தைக் குடிச்சா தழையுது?" என்றாள் எதிர்வீட்டு பஸ்குவாலா. எல்லோரும் சிரித்தார்கள்.

எவாரிஸ்தோ, அவள் வீட்டை மேட்டுப்பக்கம் ஒட்டியிருந்த தன் வீட்டைக் காட்டினார். "என் வாசலைப் பாரு. இலையே தெரியாமப் பூத்துக் கெடக்கு. நீ மட்டும் மகாராணியா? ரெண்டு தடவை லாரி உனக்கு ஊத்தாது. பாவம் பாத்து யாராவது குடுத்தீங்க, உங்களுக்கும் அதே கதிதான்!"

"புள்ளைக்கு வயித்தால போகுது தலைவரே..."

"செடிக்கு ஊத்தும்போது அது தெரியலையா?"

லாரி அவள் பீப்பாயைத் தாண்டிப் போனது. அடுத்த முறையும் நிற்கவில்லை. அடியில் கிடந்த கலங்கலைக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை வில்மருக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு மேட்டை விட்டு இறங்குவதற்குள் அவள் தோளிலேயே அடங்கிவிட்டான்.

வில்மரைக் கிடத்திய வெள்ளைப் பெட்டியை வாசலில் பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். எவாரிஸ்தோ தன் வீட்டுப் பூவை அள்ளிவந்து தூவி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடவுள் சித்தம் மகளே. மனசத் தேத்திக்கோ."

எலோதியா போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள்.

"பாவிச் செடியே, உன்னாலதானே என் புள்ள போச்சு!"

குத்திச் சாய்த்தும் ஆத்திரம் அடங்கவில்லை. வேரோடு தோண்டினாள். யாரும் தடுக்கவில்லை. கீழே மணல் ஈரமாக இருந்தது. வேரெல்லாம் ஒரே பக்கமாக, எவாரிஸ்தோவின் மதிலை நோக்கிப் போயிருந்தது. அவளும் அந்தப் பக்கமே தோண்டிக்கொண்டு போனாள்.

"போதும், விடும்மா!" எவாரிஸ்தோ பதறி ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்தார்.

அதற்குள் அது சிமெண்டில் இடித்துவிட்டது. விரிசல் விட்டிருந்த தொட்டிச் சுவர் பொத்துக்கொண்டது.

ஒரே ஒரு பீப்பாய் வைத்திருந்த தலைவர் வீட்டு மண்ணுக்கடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு ஓடிவந்து, வில்மரின் பெட்டியிருந்த பெஞ்சின் காலை நனைத்தது.