வாயாடி நெல்

வேந்தனின் வயலில் நின்ற நெல்லுக்கு வாய் அதிகம். வேரில் எது பட்டாலும், வயலில் நட்டிருந்த கருவி வழியே உடனே போனில் சொல்லிவிடும். அன்று காலை அது போட்ட கூச்சலில், அவன் மனைவி ஓவியா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"மேக்கு மூலையில பூஞ்சாணம்க்கா! மருந்தடிக்கிற வரைக்கும் நான் வளர மாட்டேன்!"

ஓவியா டிரோனில் மருந்தை ஊற்றினாள். பக்கத்தில் நின்ற வேந்தனுக்கு வியர்த்தது. இல்லாத பூஞ்சாணத்துக்கு எவ்வளவு அடித்தாலும் நெல் வளரப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்குச் சோறு கிடைக்கப்போவதில்லை.

"பூஞ்சாணம் இல்லடி, எறா ஓடு," என்றான் தரையைப் பார்த்து. "நாந்தான் பொதச்சேன். பூஞ்சாணத்துல இருக்குற சரக்கு எறா ஓட்டுலயும் இருக்காம். அதான் மெரளுது."

"புரட்டாசியிலயா? பெருமாளுக்கு வெரதம்னு என்னைய மாசம் பூரா சாம்பார் வைக்கச் சொல்லிட்டு, நீங்க எறா தின்னீங்களா?"

அவள் திட்டத் திட்ட, வேந்தன் தலையே நிமிரவில்லை. போன் மறுபடி கத்தியது.

"அக்கா, கெழக்கு வரப்போரமும் அதேதான்!"

கிழக்கு வரப்புப் பக்கம் வேந்தன் போவதேயில்லை. அங்கே தினமும் புல்லறுக்கப் போகிறவள் ஓவியா. அவன் மெல்லத் தலையை நிமிர்த்தினான்.

"அது... வயல் நண்டா இருக்கும்," என்றாள் ஓவியா, குரலைத் தாழ்த்தி.

நெல் கொஞ்சம் யோசித்தது.

"வயல் நண்டுக்கு மெளகு வாசம் ஏதுக்கா?"