ஒரு சாண் மணல்

தெல்லிப்பழையில் கட்டிய புது வீட்டுக்கு மீன்தொட்டியையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிரதீபாவுக்கு ஒரே பயம், தொட்டி மணலுக்குள் குழாய் கட்டி வாழும், பூப்போன்ற கடலுயிரான கடற்சாமந்தியைப் பற்றித்தான். எடுக்கும்போது குழாய் அறுந்தால் அது பிழைக்காது.

மணலின் ஆழம் ஒரு சாண். அவள் மெல்ல இழுத்தாள். குழாய் ஒரு முழம் வந்தது. பிறகும் வந்தது.

சாமந்தி இருந்த நுனியைக் கடல்நீர் வாளிக்குள் விட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கணவன் சயந்தன் பின்னோக்கி நடந்தான்.

"இன்னும் வருதோ?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"ஓம், வருது. கெதியா இழுத்துப் போடாதேங்கோ."

"உம்மடை தொட்டிக்கு அடி இருக்கோ, இல்லையோ?"

அவள் குனிந்து பார்த்தாள். அடிக்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கீழே மேசை உலர்ந்திருந்தது.

அவன் தெருப் படலையை எட்டியபோது குழாயின் கடைசி நுனி வெளியே வந்தது. எங்கும் அறவில்லை. வாளிக்குள் சாமந்தி தன் ஊதா விரல்களை அகல விரித்தது. பிரதீபா சிரித்தபடி கைதட்டினாள்.

மணலில் விரல் பருமனுக்கு ஒரு துளை மிஞ்சியிருந்தது. அதிலிருந்து ஒரு குட்டி ஓரா மீன் தலையை நீட்டியது. பிறகு தொட்டிக்குள் நீந்தி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அதன் பின்னாலும் வந்துகொண்டிருந்தன.

"இஞ்சேருங்கோ, வாளி காணாது," என்று அவள் கூப்பிட்டாள். "பெரிய கிடாரத்தைக் கொண்டு வாங்கோ."