சமையலறையில் ஆம்ப்ளிஃபயர்

அந்த அம்மாள் கணவரின் காதைப் பஞ்சால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கடைக்காரர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, அதைப் பார்த்து மனம் இளகி நின்றார்.

"காது மட்டும் பழைய மாதிரியே இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார் தம்பி. எனக்கு அது போதும்."

கட்டிலில் கிடந்தவருக்கு மிஞ்சியது அந்தக் காதும் வலது கை ஆள்காட்டி விரலும்தான். மற்றதையெல்லாம் பக்கவாதம் வாரிக்கொண்டு போய்விட்டது. ஏதாவது கேட்டால் விரலால் மெத்தையை ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் வேண்டாம்.

கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். பாட்டுக் கேட்பதற்கென்றே இந்த அறையைக் கட்டி, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, ஆக்டிவ் ஸ்பீக்கரா பாசிவ் ஸ்பீக்கரா என்று நான்கு வருடமாகக் கடைக்கு நடந்த மனிதர். பெண் பார்த்தபோதுகூட இத்தனை யோசித்திருக்க மாட்டார்.

பொல்லாத காது அது. பாடுகிறவர் சுருதி மயிரிழை விலகினாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் மனைவியையும் கடைக்குக் கூட்டி வந்திருந்தார். "இவளும் ஒரு காலத்துல பாடுவா. கல்யாணமான மறுநாளே நிறுத்திட்டேன். காது முக்கியமில்லையா?" என்றார். கடையே சிரித்தது. அந்த அம்மாளும் சேர்ந்து சிரித்தார்.

இனி அவருக்கு உலகம் என்று இருப்பது அந்தக் காது வழியாக வருவதுதான். அதைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் கடைக்காரர் இரண்டு ஜோடியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தம்பி? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஆக்டிவ்னா ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்குள்ளயே இருக்கும்மா. ஒரு சின்ன பட்டனை சார் விரலுக்குக் கீழே ஒட்டிக் குடுத்துடறேன். போடறது, நிறுத்தறது, சத்தம் குறைக்கறது எல்லாம் அவரே பாத்துக்குவார்."

"இன்னொண்ணு?"

"பாசிவ்ல ஆம்ப்ளிஃபயர் தனி. எங்க வேணா வச்சு, அங்கேர்ந்து வயர் இழுத்துக்கலாம். ஆனா போடவும் நிறுத்தவும் அங்கதான் போகணும்."

"சமையலறையில வைக்கலாமா?"

"தாராளமா. நடுவுல ஒரு சுவர்தானே." கடைக்காரர் கட்டிலின் பக்கம் குனிந்தார். "சார் என்ன சொல்றீங்க? ஆக்டிவே போட்டுடலாமா?"

விரல் ஒரு தட்டுத் தட்டியது. அழுத்தமாகவே தட்டியது.

அம்மாள் அந்த விரலை எடுத்து நீவிவிட்டுப் போர்வைக்குள் வைத்தார். "இத்தனை வருஷம் எல்லா முடிவையும் அவரேதான் எடுத்தார். இனிமேலாவது சிரமப்படாம இருக்கட்டும். பாசிவே மாட்டுங்க. நான் சமைச்சுக்கிட்டே பாத்துக்கறேன்."

"சரிம்மா. வேணும்னா சுவர் தாண்டி வேலை செய்யற ரிமோட் ஒண்ணு தனியா இருக்கு. சார் பக்கத்துல..."

"அதை என்கிட்ட குடுங்க."

இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். அவர் வீட்டில் காய்ச்சல் வந்தால் மாத்திரையை அவரேதான் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் தம்பி. தப்பு இருந்தா இது பூசி மெழுகிடாதே?"

"பேச்சே இல்லம்மா. பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்கும். சின்னப் பிசிறு இருந்தாலும் அப்படியே காதுல போட்டுடும்."

"அதான் வேணும். அவர் காதுக்கு அதான் மரியாதை."

சுவரில் துளை போட்டு, வயரை இழுத்து, ஸ்பீக்கர் இரண்டையும் தலையணைக்கு நேராகத் திருப்பி வைத்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. அலமாரி நிறைய அவர் சேர்த்த இசைத்தட்டுகள் இருந்தன. அதில் ஒன்றை ஆசையாக உருவப் போனார் கடைக்காரர்.

"அதெல்லாம் வேணாம் தம்பி." அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "அவர் ஆஸ்பத்திரியில இருந்த மூணு மாசமும், தினம் வீட்டுக்கு வந்து, இதே ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து அவருக்காகச் சேர்த்தது."

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு பக்கம் திரும்பி, முறுக்கிய திருகையே இன்னொரு தரம் முறுக்கினார்.

அம்மாள் சமையலறைக்குப் போனார். ஸ்பீக்கரில் முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. முதல் வரியில் சுருதி சறுக்கியது, இரண்டாவது வரியில் விழுந்தே விட்டது. ஸ்பீக்கர் எதையும் மறைக்கவில்லை.

போர்வைக்குள் விரல் இரண்டு தட்டுத் தட்டியது. மறுபடி இரண்டு. அப்புறம் அது நிற்கவே இல்லை.

கடைக்காரர் பதறிப்போய் அறை வாசலுக்கு வந்தார். "அம்மா, தப்பா வேற எதையோ போட்டுட்டீங்க போல. யாரும்மா இது பாடறது?"

காய் நறுக்கும் சத்தம் நிற்காமல் சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"நான்தான் தம்பி. இன்னும் நானூறு பாட்டு இருக்கு."