ஒளிரக் கூடாத தண்ணீர்

தண்ணீர் ஒளிர்ந்துவிட்டது. கெடுத்தது தவளைதான்.

வாய் ஓயாது என்பதால் பரிசோதனைக்கூடத்தில் அவனுக்கு அந்தப் பெயர். அவனே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் வைத்தால் இதைவிடக் கேவலமாக இருக்குமே என்ற முன்ஜாக்கிரதை.

தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் சளி. காசநோய்க் கிருமியின் மரபணு துளி இருந்தாலும் போதும், உள்ளே விட்டிருக்கும் மருந்து அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். திரையில் கோடு ஏறும்.

கடைசிக் குழியில் மட்டும் வெறும் தண்ணீர். அது சிவனே என்று இருட்டில் கிடக்க வேண்டும். ஒளிர்ந்தால் மொத்தத் தட்டும் குப்பைக்கு. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் எல்லோரும் மறுபடி காறித் துப்ப வேண்டும்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதையாக, அவன் முதலில் ஏசியைச் சொன்னான். பிறகு தண்ணீர்ப் புட்டியை. பிறகு புட்டியை விற்றவனை.

"மாஸ்க் எங்கடா இருந்துச்சு?" என்றாள் கூடத்துக்குத் தலைவியான அக்கா.

தாடையில் இருந்தது. தண்ணீர் விடும்போது ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். தன் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவன் அவன்தான். சில நேரம் கடைசியும் அவன்தான். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளாக இருமலில் போய்த்தான் முடிகிறது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தூக்கம் ஏது, உடம்பு சூடு, அதுதான் இருமல் என்பான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டதற்கும் அதே காரணம். சட்டைத் தோளில் மகள் கக்கிய பால் கறை. அதைப் பதக்கம் என்பான்.

அக்கா திட்டவில்லை. அதுதான் அவனுக்கு உதைத்தது.

புதுத் தட்டு எடுத்தாள். புதுப் புட்டியைத் திறந்தாள். ஒரு குழியில் தண்ணீர் விட்டு மூடினாள். அடுத்த குழியை அவனிடம் விட்டுவிட்டு, மாஸ்க்கை மூக்கோடு அழுத்திக்கொண்டு வாசல் வரை விலகி நின்றாள்.

"இப்ப மாஸ்க்கை இறக்கிட்டு, அதே ஜோக்கைச் சொல்லிக்கிட்டே ஊத்து."

சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. இருமல் மட்டும் சரியான இடத்தில் வந்தது.

தட்டை உள்ளே வாங்கிக்கொண்டு இயந்திரம் முனக ஆரம்பித்தது. அவன் கைபேசியும் முனகியது. மனைவி.

'உங்க நெஞ்சுல போட்டாத்தான் தூங்குவாளாம். மகாராணி உத்தரவு. சீக்கிரம் வாங்க.'

திரையில் அக்காவின் கோடு தரையோடு தரையாக ஓடியது.

அவனுடையது கொஞ்ச தூரம் துணைக்குப் போனது. பிறகு மெல்லத் தலை தூக்கியது.

"தண்ணிக்கே காசநோய் வந்துருச்சேக்கா" என்றான்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மாஸ்க்கை மேலே இழுத்து, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்தினான். அத்தனை வருட வேலையில் முதல் முறையாக ஒழுங்காக.

"நேராச் சொல்லுங்கக்கா."

"உனக்குத்தான், தம்பி. வீட்டுக்குப் போகாத. பாப்பாவ இங்க தூக்கிட்டு வரச் சொல்லு."