ஒரு இஞ்ச்

தெருமுனையிலே ஒரு தையல் கடையாம். கடையிலே ஒரு மாஸ்டராம். மாஸ்டருக்குத் துணி வெட்டித் தரப் புதுசாய் வந்து சேர்ந்த ஒருத்தியாம்.

முந்தின கடையில் ஒரு தப்பு வெட்டுக்காகத்தான் அவளுக்குச் சீட்டு கிழிந்தது. அதனால் கத்தரியைத் தொடுமுன் அளவை இரண்டு தடவை பார்த்துக்கொள்வாள்.

அன்றைக்கு வந்தது ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய வருங்கால மாமியாரும். கல்யாண டிரெஸ்ஸுக்கான துணி, மாமியார் கடை கடையாய் ஏறி இறங்கி வாங்கியது. வீணானால் இன்னொரு துண்டு கிடைக்காது.

மாஸ்டர் பெண்ணுக்குப் பின்னால் நின்று இடுப்பில் டேப்பைச் சுற்றினார்.

"சத்தமாச் சொல்லுங்க மாஸ்டர்! நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தெட்டு. இப்ப எவ்வளவு?" என்றார் மாமியார்.

பெண்ணுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

இந்தம்மா மாமியாரா, எடை மெஷினா? வெட்டுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதே இருபத்தெட்டுதான்!" என்றார் மாஸ்டர். "தையலுக்கும் லூசுக்கும் நாலு. ஆக முப்பத்திரண்டு. துணியை நாலா மடிச்சு எட்டுல கோடு போடும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேப்பில் மாஸ்டரின் கட்டைவிரல் நின்ற இடமே முப்பத்திரண்டு. அதோடு நாலு, முப்பத்தாறு. நாலாய் மடித்தால் ஒன்பது அல்லவா?

"மாஸ்டர்... அது வந்து..."

"கணக்கு எனக்குத் தெரியும். நீ கோட்டைப் போடு."

"ஏறவே இல்லை அத்தை!" பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. இருவரும் கிளம்பினார்கள். போன் அடிக்க, மாஸ்டர் பேசிக்கொண்டே பின்பக்கம் போனார்.

எட்டில் வெட்டினால் துணி போச்சு. ஒன்பதில் வெட்டினால் வேலை போச்சு. மடிப்புக்கு ஒரு இஞ்ச்தான். நாலு மடிப்புக்கும் சேர்ந்தால், கல்யாணத்தன்று அந்தப் பெண் மூச்சுவிட முடியாது.

எட்டில் போட்ட கோட்டை அழித்தாள். ஒன்பதில் கோடு போட்டாள். மாஸ்டர் திரும்பி வருவதற்குள் வெட்டிவிட வேண்டும். கத்தரி திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"குடையை விட்டுட்டுப் போயிட்டேன்."

மாமியார்! மேஜையில் கிடந்த துணியை உற்றுப் பார்த்தார்.

"எட்டுன்னுதானே சொன்னாரு?"

"அம்மா, அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. டேப்புல முப்பத்திரண்டு..."

"மெல்லப் பேசு, வாசல்லதான் நிக்கிறா. இருபத்தெட்டுன்னு சொல்லச் சொல்லி மாஸ்டருக்குப் போன் போட்டதே நான்தான்."

"நீங்களா?"

"பழைய டிரெஸ் பத்தலைன்னு பட்டினியாக் கிடக்கா. எடுத்துச் சொன்னாலும் மண்டையில ஏறலை. நேத்து மாடிப்படியிலயே மயங்கி உக்காந்துட்டா."

குடையை எடுத்துக்கொண்டவர், போகிற போக்கில் கோட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

"எட்டு அவ காதுக்குச் சொன்னது. ஒன்பதும் பத்தாது. ஒன்பதரையா வெட்டு. கல்யாணத்துக்குள்ள புள்ள வயிறாரச் சாப்பிடட்டும்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார்.