பாட்டுக்கு முந்திய மூச்சு

இது என் மூச்சு இல்லை.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முதல் வரிக்குச் சற்று முன்னால் யாரோ மூக்கால் காற்றை இழுக்கிறார்கள். மெதுவாக. அதன் பிறகு அவள் குரல் தொடங்குகிறது.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். ஒலிப்பதிவாளன் சற்குணம் போட்டான்.

மூச்சு.

அவள் குரல்.

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் சனிக்கிழமை நடனங்களில் வருஷக்கணக்காக இங்கிலீஷ் கன்ட்ரி பாடல்கள் பாடியவள். சாலிகிராமத்து மாடியில் இந்தச் சின்ன ஸ்டூடியோவில், தானே எழுதிய பாட்டுகளோடு, இப்போதுதான் முதல் ஆல்பம்.

அவளுடையது. அவளுடையது மட்டும்.

அதற்காகத்தான் நெவிலின் கிட்டாரை எடுத்துவிடச் சொல்லியிருந்தாள்.

பாட்டுகள் பதிவானபோது நெவில் அவள் கணவன். இப்போது கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வந்து அவன் பெங்களூரில் இருக்கிறான். தனி அறையில் வாசிக்கச் சொன்னதற்கு அன்று முடியாது என்று அடம்பிடித்தான். அவள் காலடியில் ஸ்டூல் போட்டு, ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தான். கிட்டாரின் ஒலி வயர் வழியாகத் தனியே பதிவானது. அதனால் அதை எடுப்பது சுலபமாக இருந்தது. வேறொருவர் வந்து அந்த இடங்களில் வாசித்துவிட்டுப் போனார்.

அவன் மூச்சு மட்டும் அவளுடைய மைக்கில் விழுந்திருக்கிறது.

அடுத்த பாட்டைப் போடச் சொன்னாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு வரிக்கும், அவளுக்கு ஒரு இமைப்பொழுது முன்னால்.

புல்லாங்குழல் ஊதுகிறவனுக்கு மூச்சு வேண்டும். கம்பியை மீட்டுகிறவனுக்கு எதற்கு?

அவள் போகிற பக்கமெல்லாம் அவன் கிட்டார் போகும் என்பார்கள் இன்ஸ்டிட்யூட்டில். இது என் வால் என்று மேடையிலேயே அவனைக் காட்டியிருக்கிறாள். கூட்டம் சிரிக்கும். அவனும் சிரிப்பான். கடைசிச் சண்டையில் அதையே சிரிக்காமல் சொன்னாள். பின்னாலேயே வருவதற்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள் என்று.

அவன் கிட்டாரைப் பெட்டியில் வைத்தான்.

சற்குணம் ஒரு வரியில் மட்டும் அந்த மூச்சைத் துடைத்துக் காட்டினான். சுத்தமாக இருந்தது.

அவள் கூடவே முணுமுணுத்துப் பார்த்தாள். தன்னுடைய பாட்டு. தானே எழுதியது.

தாமதமாகத் தொடங்கினாள்.

மறுபடி. மறுபடியும் தாமதம்.

மூச்சைத் திரும்ப வைக்கச் சொன்னாள். வைத்தான். வாய் தானாகத் திறந்தது. சரியான இடத்தில்.

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் வலிக்கிறதா என்று தேடினாள். வலி இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. பூட்டியே கிடந்த ஒரு அறை தன் வீட்டிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தவளைப் போல இருந்தாள்.

அவனுக்குத் தெரியுமா இது? தெரிந்துதான் சிரித்தானா?

"பேயெல்லாம் இல்லக்கா, நம்ம நெவில் சார்தான்," என்றான் சற்குணம். விரல் பொத்தானின் மேல் இருந்தது. "எல்லாப் பாட்டுலயும் ஒரே அடியா தொடச்சிடவா? அவரு இருந்த தடமே தெரியாது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் நின்றது. அதன் கீழே அந்த ஸ்டூலை யாரும் நகர்த்தவில்லை.

"வேணாம்," என்றாள்.

சற்குணம் காரணத்துக்காகக் காத்திருந்தான்.

அவள் ஹெட்போனை மறுபடி காதோடு அழுத்திக்கொண்டு, முதலிலிருந்து போடும்படி சைகை காட்டினாள்.

இழுத்த மூச்சை நெவில் எங்கே விடுகிறான் என்று அவள் இன்னும் கவனித்துக் கேட்கவில்லை.